செவப்பு மச்சம், கண் பிரஷர், அஞ்சு மாசக் குழந்தை: எந்த ஆபரேஷன் முதல்ல?

போன வாரம் நெல்லிக்குப்பத்துல இருந்து ஒரு தம்பி போன் பண்ணான். பையன் பொறந்து 5 மாசம், நெத்தில ஆரம்பிச்சு வலது மேல் இமை வரைக்கும் செவப்பு மச்சம், கண்ணுல பிரஷர் 30 இருக்குன்னு சொல்லிட்டாங்க, ஒரு டாக்டர் ஆங்கிள் ஆபரேஷன் பண்ணிப் பாக்கலாம்ங்கிறார், இன்னொரு எடத்துல அதோட ஓட்டை போடற ஆபரேஷனையும் சேத்தே பண்ணிடலாம்ங்கிறாங்க, மாமனார் வீட்டுல ஒருத்தர் இப்பல்லாம் டியூப்தான் வைக்கிறாங்க அதான் லேட்டஸ்டுன்னு குட்டைய குழப்புறார், அண்ணா நீங்க எது பண்ணீங்க, அதையே நானும் பண்ணிடறேன்னான். இந்த வருஷத்துல எனக்கு வர்ற நாலாவது போன் இது, நாலு பேரும் கேட்டது இதே கேள்விதான், அதனால எல்லாத்தையும் ஒரே தடவையா எழுதிடறேன்.

நான் டாக்டர் இல்ல. கடலூர் திருப்பாதிரிப்புலியூர்ல ஜெராக்ஸ், பைண்டிங் கடை வச்சிருக்கேன். என் பொண்ணுக்கு இதே வியாதி, ஸ்டர்ஜ் வெபர் சின்ட்ரோம்னு பேரு, இடது கண்ணு, ரெண்டு பெரிய ஆபரேஷன், மயக்கம் குடுத்து செக்கப் மட்டும் 11 தடவ. இப்ப அவளுக்கு 7 வயசு, ரெண்டாவது படிக்கிறா. நான் என்ன பண்ணேன்னு சொல்றேன், ஆனா அதையே நீங்களும் பண்ணணும்னு இல்ல. ஏன் இல்லங்கிறதுதான் இங்க விஷயமே.

மொதல்ல வியாதி எங்க இருக்குன்னு புரியணும்

மச்சம்னு நாம சொல்றது உண்மைல மச்சம் இல்ல, தோலுக்கு அடில விரிஞ்சு போன சின்னச் சின்ன ரத்தக்குழாய்ங்க. அது நெத்தி, மேல் இமை பக்கம் இருந்து கூடவே மூளையோ கண்ணோ பாதிச்சா ஸ்டர்ஜ் வெபர் சின்ட்ரோம். 1879ல வில்லியம் ஆலன் ஸ்டர்ஜ்னு ஒரு இங்கிலாந்து டாக்டர் இதைப் பத்தி மொதல்ல சொன்னார், 1922ல பார்க்ஸ் வெபர் மூளைல சுண்ணாம்பு படிஞ்சிருக்கறத எக்ஸ்ரேல காட்டினார், ரெண்டு பேர் பேரையும் சேத்து வச்சிட்டாங்க. எங்கம்மா மட்டும் வேற காரணம் வச்சிருந்தாங்க, கிரகணத்தன்னிக்கு மருமவ வாசல்ல போய் நின்னா, அதான் புள்ள மூஞ்சில செவப்புன்னு. 2013ல ஆராய்ச்சில கண்டுபுடிச்சது என்னன்னா, கரு வளரும்போது ஏதோ ஒரு செல்லுல ஜிஎன்ஏகியூங்கிற ஜீன் மாறிடுது, அதுல இருந்து பெருகுற செல்லுல மட்டும் அந்தக் கோளாறு இருக்கும், அப்பா அம்மாகிட்ட இருந்து வர்றது இல்ல, அடுத்த குழந்தைக்கும் வந்துடுமோன்னு பயப்படவும் வேணாம். இத தமிழ்ல டைப் பண்ணி லேமினேட் போட்டு எங்கம்மாகிட்ட குடுத்தேன். வாங்கி வெத்தலப் பொட்டிக்கு அடில வச்சிட்டாங்க. ஆனா அதுக்கப்புறம் என் பொண்டாட்டி காது பட கிரகணப் பேச்சு வரல.

இப்ப கண்ணுக்கு வருவோம். கண்ணுக்குள்ள தண்ணி ஓயாம ஊறும், கருவிழி ஓரத்துல, ஆங்கிள்னு சொல்ற மூலைல, ஒரு சல்லடை இருக்கு, அது வழியா வடிஞ்சு வெளிய ரத்தக்குழாய்ல கலக்கும். இந்த சின்ட்ரோம்ல கோளாறு ரெண்டு எடத்துல வரலாம். ஒண்ணு, சல்லடையே சரியா உருவாகாம பொறந்திருக்கும், கைக்குழந்தைலயே பிரஷர் ஏர்ற கேஸ் பெரும்பாலும் இதுதான். ரெண்டாவது, சல்லடை பரவால்ல, ஆனா தண்ணி போய்ச் சேர்ற ரத்தக்குழாய்ல அழுத்தம் ஜாஸ்தி, இது பெரிய புள்ளைங்ககிட்ட, சில பேருக்கு பதின்ம வயசுல கூட வெளிய வரும். நம்ம ஊர்க்காரங்களுக்கு இத சொல்லித் தர வேண்டியதில்ல. வாசல் சாக்கடைல குப்பை அடைச்சிருந்தா குச்சிய விட்டு குத்தி எடுத்துடலாம், ஆனா கெடிலம் ஆறு ரொம்பி கடல் தண்ணிய வாங்கலன்னா நீ எவ்ளோ குத்தினாலும் தெருவுல தண்ணி நிக்கத்தான் செய்யும். எந்த ஆபரேஷனும் இந்த ரெண்டுல எதுக்கு வழி பண்ணுதுன்னு கேட்டாலே பாதி குழப்பம் போயிடும்.

எத வச்சு முடிவு பண்றது

வயசு ஒண்ணு, மேல சொன்ன காரணத்துக்காக. கருவிழி தெளிவா இருக்கா, பனி மூடின கண்ணாடி மாதிரி இருக்காங்கிறது ரெண்டாவது, ஏன்னா சில ஆபரேஷன் கருவிழி வழியா உள்ள பாத்துத்தான் பண்ண முடியும்.

மூணாவது விஷயம் இந்த சின்ட்ரோமுக்கே உரியது, மத்த பிறவி கிளாக்கோமா, அதாவது கண் பிரஷர் வியாதி, இருக்கற புள்ளைங்களுக்கு இந்த அளவு பயம் கிடையாது. விழித்திரைக்குப் பின்னாடி இருக்கற கோராய்டுங்கிற படலத்துலயும் இதே மாதிரி ரத்தக்குழாய் கூட்டம் பரவி இருக்கலாம், உள்ள பாத்தா தக்காளி சாஸ் ஊத்தின மாதிரி செவப்பா தெரியும்னு டாக்டருங்களே சொல்வாங்க. அப்படி இருக்கற கண்ணுல பிரஷர சடார்னு எறக்கினா அந்தக் குழாய்ங்கள்ல இருந்து நீர் கசிஞ்சு படலம் உப்பிக்கும், இன்னும் மோசமானா ரத்தமே கொட்டி கண்ணையே இழக்கற நிலைமை வரும். அதனால எந்த ஆபரேஷன்னு பேசறதுக்கு முன்னாடி பி ஸ்கேன் எடுத்தாச்சான்னு கேளுங்க. வலி கிடையாது, ஜெல் தடவி இமை மேல வச்சு எடுக்கற அல்ட்ராசவுண்டுதான், கொஞ்ச நேர வேலை.

நாலாவது, திரும்பத் திரும்ப வர முடியுமா. அஞ்சாவதுதான் என்னைக் கேட்டா எல்லாத்துக்கும் மேல: இது தாங்கலன்னா அடுத்தது என்ன, அதுக்கு கண்ணுல எடம் மிச்சம் இருக்குமா. சொந்தக்காரங்க எல்லாம் எது பெஸ்டுன்னு கேக்கறாங்க. ஒரே ஆபரேஷனோட முடியற வியாதியா இருந்தா அது சரியான கேள்வி. இந்த சின்ட்ரோம்ல பாதி புள்ளைங்களுக்கு மேல ரெண்டாவது தேவைப்படும்னு நெனச்சுகிட்டே மொதலாவத தேர்ந்தெடுக்கறதுதான் புத்திசாலித்தனம், தேவைப்படலன்னா சாமிக்கு ஒரு தேங்கா.

சொட்டு மருந்து மட்டும் போதுமா

கைக்குழந்தைக்கு போதாது. ஆபரேஷன் தேதி வர்ற வரைக்கும் தாக்குப் பிடிக்க, கருவிழி மங்கல் கொஞ்சம் தெளிய, அப்புறம் ஆபரேஷனுக்குப் பின்னாடி துணைக்கு, அவ்ளோதான். 3 வயசுக்குள்ள பிரஷர்ல கண்ணு பலூன் மாதிரி விரியும், விரிஞ்சது திரும்ப சுருங்கி பழையபடி ஆவாது, சொட்டு மருந்து போட்டு பாத்துகிட்டே இருக்கலாம்னு மாசக்கணக்கா தள்ளறது அந்தக் கண்ணோட காச எடுத்து செலவு பண்ற மாதிரி. ஆனா 8, 10 வயசுல பிரஷர் ஏர்ற புள்ளைக்கு மருந்துதான் மொதல் வழி, பல பேருக்கு அதுலயே வருஷக்கணக்கா ஓடும்.

மருந்துலயே ரெண்டு மூணு கண்ணிவெடி இருக்கு. பிரிமோனிடின்னு ஒரு சொட்டு, பெரியவங்களுக்கு சாதாரணமா எழுதறது, 2 வயசுக்குக் கீழ போடவே கூடாது, குழந்தை தொவண்டு போய் மூச்சு நின்னுடலாம். தாத்தாவுக்கும் கிளாக்கோமா இருக்கற வீட்டுல பாட்டில் மாறிடும், ஜாக்கிரதை. டிமோலால் சொட்டு போடறதா இருந்தா இளைப்பு, வீசிங் இருக்கான்னு டாக்டர்கிட்ட சொல்லணும். அப்புறம் முக்கியமா, இந்தப் புள்ளைங்க நெறய பேருக்கு வலிப்பு இருக்கும், அதுக்கு டோபிராமேட் குடுத்துகிட்டு இருப்பாங்க, கண் டாக்டர் பிரஷருக்கு அசிட்டசோலமைட் எழுதுவார், ரெண்டும் உடம்புல ஒரே மாதிரி வேலை செய்யற சரக்கு, சேந்தா ரத்தத்துல அமிலம் ஏறும், கிட்னில கல்லு வரலாம். நரம்பு டாக்டர் சீட்டு ஒரு பைல்லயும் கண் டாக்டர் சீட்டு இன்னொரு பைல்லயும் வச்சிருந்தா இத யாரும் கவனிக்க மாட்டாங்க. ஒரே பைல் போடுங்க. பைண்டிங் கடைக்காரன் சொல்றேன்.

ஆங்கிள் ஆபரேஷன்: கோனியோட்டமி, டிரபெகுலாட்டமி

சல்லடையத் தொறந்து விடறது. கோனியோட்டமின்னா கருவிழி வழியா பாத்துகிட்டே உள்ள இருந்து சின்ன கத்தியால கீர்றது, அதனால கருவிழி தெளிவா இருக்கணும். டிரபெகுலாட்டமின்னா வெளில இருந்து வழி கண்டுபுடிச்சு போறது, மங்கலா இருந்தாலும் பண்ணலாம். முன்னெல்லாம் ஒரு தடவைக்கு சுத்தளவுல மூணுல ஒரு பங்குதான் தொறக்க முடியும், இப்ப மெல்லிசான நூலையோ நுனில லைட்டு எரியற குழாயையோ விட்டு 360 டிகிரியும் ஒரே மூச்சுல தொறக்கறாங்க. எங்க டாக்டர் வேற கேஸோட வீடியோ ஒண்ணு காட்டினார், வெள்ளை விழிக்கு அடில செவப்பு லைட்டு ஒண்ணு மினுக் மினுக்குன்னு கருவிழிய சுத்தி நகந்து போவுது, திருவிழால ரங்கராட்டினத்துல ஒரே ஒரு பல்பு எரிஞ்சா எப்படி இருக்கும் அந்த மாதிரி. என் பொண்டாட்டி பாக்க மாட்டேன்னு திரும்பிகிட்டா. நான் மூணு தடவ பாத்தேன்.

இதுல நல்லது என்னன்னா பிரஷர் சடார்னு விழறது மத்ததை விட கம்மி. ஏன்னா தண்ணி போய்ச் சேர்றது அந்தப் பழைய ரத்தக்குழாய்க்குத்தான், அங்க இருக்கற அழுத்தத்துக்குக் கீழ கண்ணு பிரஷர் எறங்காது. அதேதான் இதோட குறையும். சாதாரணமா அந்த வெளிக்குழாய்ல அழுத்தம் 8, 10 இருக்கும், இந்தப் புள்ளைங்களுக்கு அதுக்கு மேல, அதனால நாம எதிர்பாக்கற அளவு எறங்காம 20 பக்கத்துலயே நின்னுடலாம், சொட்டு மருந்து தொடரணும். தனியா பிறவி கிளாக்கோமா மட்டும் இருக்கற புள்ளைங்களுக்கு கெடைக்கற வெற்றி இவங்களுக்கு கெடைக்காது, கொஞ்ச வருஷம் ஓடி அப்புறம் நின்னு போறது சகஜம்.

ஆபரேஷன் முடிஞ்சு கட்டு பிரிச்சா கருவிழிக்குப் பின்னாடி ரத்தம் தேங்கி நிக்கும், எனக்கு அப்ப யாரும் முன்னாடியே சொல்லல, ஆடிப் போயிட்டேன். பெரும்பாலும் சில நாள்ல தானா கரைஞ்சுடும், தலைய ஒசத்தி படுக்க வைக்கச் சொல்வாங்க.

ஆனா அஞ்சாவது விஷயத்துல இது ராஜா. கோனியோட்டமில வெள்ளை விழி மேல இருக்கற தோலத் தொடறதே இல்ல, டிரபெகுலாட்டமில கொஞ்சம், அதையும் கெட்டிக்கார டாக்டர் ஓரமா பண்ணுவார். அப்போ நாளைக்கு வேற ஆபரேஷன் வேணும்னா மேல் பக்கம் பூரா கன்னி நெலம் மாதிரி அப்படியே இருக்கும். என் பொண்ணுக்கு 5 மாசத்துல இதான் பண்ணோம். ரெண்டே முக்கால் வருஷம் தாங்குச்சு. மூளையும் கண்ணும் பாக்கக் கத்துக்கற அந்த முக்கியமான காலத்துல கெடைச்ச ரெண்டே முக்கால் வருஷம், நஷ்டம்னு நான் சொல்ல மாட்டேன்.

ஓட்டை போடற ஆபரேஷன்: டிரபெகுலெக்டமி, இல்லன்னா ரெண்டும் சேத்து

சல்லடைய விட்டுட்டு கண்ணோட வெள்ளைச் சுவர்ல புது வழி போட்டு, தண்ணி மேல் இமைக்கு அடில ஒரு கொப்புளம் மாதிரி சேந்து உறிஞ்சிக்கறது. வெளி ரத்தக்குழாய் அழுத்தத்தையே சுத்திகிட்டுப் போற வழி, அதனால பிரஷர் நல்லா எறங்கும், 12க்கு கூட வரும். சேத்து பண்றதுன்னா டிரபெகுலாட்டமியும் இதுவும் ஒரே நேரத்துல. இந்தியால இதுக்கு நல்ல அனுபவம் இருக்கு, ஐதராபாத் எல்.வி.பிரசாத் கண் மருத்துவமனை டாக்டர் அனில் மண்டல் ஸ்டர்ஜ் வெபர் கைக்குழந்தைங்களுக்கு மொதல் ஆபரேஷனாவே இத பண்ணி 1999ல எழுதினார். கோளாறு ரெண்டு எடத்துலயும் இருக்கலாம்னா ரெண்டுக்கும் ஒரே நாள்ல வழி பண்ணலாம்ங்கிறது கணக்கு. கருவிழி ரொம்ப மங்கி, பெருசாகி, லேட்டா வந்து சேர்ற புள்ளை, அடிக்கடி வர வசதி இல்லாத குடும்பம்னா டாக்டருங்க இந்தப் பக்கம் சாயறதுல நியாயம் இருக்கு.

எதிர்ப்பக்கம்: தக்காளி சாஸ் கண்ணுல பயப்பட வேண்டியது இந்த ஆபரேஷனுக்குத்தான். கண்ண தொறந்த அந்த நிமிஷமே பிரஷர் விழுது. தையல இறுக்கிப் போடறது, முன்கூட்டியே மருந்து ஏத்தி பிரஷர எறக்கி வச்சுக்கறது, கண்ணு தளராம உள்ள ஜெல்லோ தண்ணியோ குடுத்துகிட்டே இருக்கறதுன்னு தெரிஞ்சவங்க பாத்துப் பண்ணுவாங்க, ஆனா அந்த மாதிரி கேஸ் கைல பழகின டாக்டரா இருக்கணும். ரெண்டாவது, சின்னக் குழந்தை உடம்பு புண்ண சீக்கிரம் ஆத்திடும், நம்ம போட்ட வழியையும் சேத்து மூடிடும். மூடாம இருக்க மைட்டோமைசின் தடவுவாங்க, அத தடவினா கொப்புளம் மெல்லிசாகி ஆயுசு பூரா கிருமி உள்ள போற ஆபத்து. கண்ணு செவந்து பீளை தள்ளினா மெட்டி ஒலி பாத்துட்டு நாளைக்கு போலாம்னு இருக்கக் கூடாது, அன்னிக்கே ஓடணும். மாசி மகத்துக்கு தேவனாம்பட்டினம் போனா புள்ளைய கடல்ல முங்க வைக்க ஆயா ரெடியா நிப்பாங்க, வாய்க்கா, கெணறு, கடல் எதுலயும் தலைய முக்கக் கூடாது. பத்து வயசுப் பையன இதுல கட்டுப்படுத்த முடியுமான்னு உங்க வீட்ட நீங்களே கேட்டுக்கணும்.

இன்னொண்ணு, மேல் பக்கத் தோல் இதுல செலவாயிடும். தோத்துப் போனா அடுத்த ஆபரேஷன் தழும்பு மேலதான்.

டியூப்

மாமனார் வீட்டுக்காரர் சொன்ன லேட்டஸ்ட். உண்மைல புதுசும் இல்ல. கண்ணுக்குள்ள இருந்து மெல்லிசான சிலிகான் குழாய் வழியா தண்ணிய பின்னாடி தைச்சு வச்ச ஒரு தகடுக்கு கொண்டு போறது. நம்ம பக்கம் ரெண்டு வகை அடிபடும். அகமது வால்வுல ஒரு அடைப்பான் இருக்கு, வச்ச அன்னிக்கே வேலை செய்யும், ரொம்பக் கீழ விழாம புடிச்சு வைக்கணும்னு செஞ்சது, தகடு 184 சதுர மில்லிமீட்டர். இன்னொண்ணு மதுரை ஆரோலேப்ல செய்யற ஏ.ஏ.டி.ஐ, அதுல வால்வு இல்ல, தகடு 350 சதுர மில்லிமீட்டர், விலை ரொம்பக் கம்மி. வால்வு இல்லாததால குழாய கரையற நூலால கட்டி விட்டுடுவாங்க, அஞ்சாறு வாரத்துல நூல் கரைஞ்சு குழாய் தொறக்கும், அதுக்குள்ள தகட்ட சுத்தி சதை புடிச்சு தண்ணி மெதுவா உறிஞ்சற மாதிரி ஆயிருக்கும்.

ஸ்டர்ஜ் வெபர் கண்ணுக்கு இந்த மெதுவா தொறக்கறது நல்லதுன்னு எங்க டாக்டர் ஏ.ஏ.டி.ஐ சொன்னார். மூணு வயசுல வச்சோம். இதுல மறைஞ்சிருக்கற செலவு என்னன்னா அந்த அஞ்சாறு வாரம் பிரஷர் மேலயேதான் இருக்கும், எல்லா சொட்டு மருந்தும் தொடரணும், ஆபரேஷன் பண்ணியும் எறங்கலயேன்னு மனசு கெடந்து அடிச்சுக்கும். அப்புறம் நூல் விடற நாள் எதுன்னு யாருக்கும் தெரியாது. எங்களுக்கு 38வது நாள். ஐப்பசி அடமழை. காலைல எழுந்து கண்ண தேய்க்கறா, பொம்மை டிவிய பக்கத்துல போய் நின்னு பாக்கறா, மழைல பஸ் புடிச்சு போனோம், பிரஷர் 34ல இருந்து 6. பின்னாடி படலம் உப்பி இருந்துச்சு. ஸ்டீராய்டு சொட்டு, அட்ரோபின் சொட்டு, ஓட விடாம பாத்துக்கணும்னு சொல்லி 3 வாரத்துல வத்திடுச்சு. அந்த அஞ்சாவது வாரத்துல இருந்து ஏழாவது வாரம் வரைக்கும் ஊருக்குப் போறது, கல்யாணத்துக்குப் போறதுன்னு எதுவும் வச்சுக்காதீங்க. திருவந்திபுரத்துல மொட்டை வேண்டுதல் இருந்துச்சு, 3 மாசம் தள்ளிப் போட்டோம், பெருமாள் ஒண்ணும் கோச்சுக்கல.

கைக்குழந்தைக்கு மொதல் ஆபரேஷனாவே டியூப் வைக்கறத பத்தி என் அபிப்பிராயம், வேற வழி இருந்தா வேணாம். கண்ணு வளரும்போது குழாய் எடம் மாறும், உள்பக்கம் கருவிழில ஒரசினா கருவிழி கெடும், மேல மூடின தோல் தேஞ்சு குழாய் வெளிய தெரிஞ்சா கிருமி உள்ள போவும், சில புள்ளைங்களுக்கு மாறுகண் வரும். குழாய் மேல மூட ஒரு ஒட்டு போடுவாங்க, கண் தானத்துல வந்த வெள்ளை விழித் துண்டு. என் பொண்ணு கண்ணுல யாரோ ஒருத்தரோட துண்டு ஒண்ணு இருக்கு. யாருன்னு தெரியாது. அந்த வருஷமே நாங்க வீட்டுல எல்லாரும் எழுதிக் குடுத்துட்டோம்.

ஆங்கிள் ஆபரேஷன் தோத்துருச்சு, ஓட்டையும் மூடிகிச்சு, வயசு 2, 3 தாண்டிடுச்சுன்னா டியூப்தான் நம்பகமான வழி. என் பொண்ணுக்கு 4 வருஷமா தாங்குது, ஒரு சொட்டு மருந்தோட.

டயோடு லேசர்

வெளில இருந்து லேசர் குடுத்து தண்ணி ஊர்ற எடத்தையே கொஞ்சம் பொசுக்கறது. வெட்டு இல்ல, சீக்கிரம் முடியும். ஆனா எவ்ளோ பொசுக்கினா எவ்ளோ எறங்கும்னு கணக்கு சரியா நிக்காது, திரும்பத் திரும்ப பண்ண வேண்டி வரும், ஜாஸ்தியானா கண்ணு சுருங்கிப் போகவும் வாய்ப்பு உண்டு. பார்வை ஏற்கனவே ரொம்பக் கம்மியான கண்ணு, இல்ல கண்ண தொறக்கறதே ஆபத்துன்னு டாக்டர் நெனைக்கற கண்ணுக்கு சரி. லேசர்ங்கிற வார்த்தைக்காக மயங்காதீங்க. மூஞ்சில செவப்புக்கு குடுக்கற லேசர் வேற, அதுனால கண் பிரஷர் எறங்காது, ரெண்டையும் போட்டு குழப்பிகிட்டு வர்றவங்க நெறய.

பில்லுல வராத செலவு

மயக்கம். குழந்தை ஒத்துழைக்காததால ஒவ்வொரு முழு செக்கப்பும் ஆபரேஷன் தியேட்டர்லதான். 3 வயசுக்குக் கீழ திரும்பத் திரும்ப மயக்கம் குடுக்கறத பத்தி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2016ல எச்சரிக்கை குடுத்திருக்கு, அதுக்காக வேணாம்னு நிறுத்தினா கண்ணு போயிடும், ஆனா தேவையில்லாதத கொறைக்கலாம். ஐகேர்னு கைல புடிக்கற மிஷின் இருக்கு, சொட்டு கூட போடாம முழிச்சிருக்கற குழந்தைக்கே பிரஷர் பாக்கலாம், அது இருக்கற எடமா பாருங்க. பட்டினி நேரம் தாய்ப்பாலுக்கு 4 மணி, மத்த பாலுக்கு 6 மணி, தண்ணிக்கு 2 மணின்னு சொல்வாங்க. வலிப்பு மாத்திரைய மட்டும் பட்டினின்னு நெனச்சு நீங்களா நிறுத்திடாதீங்க, மயக்க டாக்டர்கிட்ட முன்னாடி நாளே கேட்டுக்கோங்க.

அப்புறம் கண்ணாடி, நல்ல கண்ண மூடி வைக்கற பேட்ச். பிரஷர் எறங்கினா மட்டும் பார்வை வந்துடாது, சோம்பேறிக் கண்ண பழக்கணும், இது தெனமும் வீட்டுல நடக்கற யுத்தம், வருஷக்கணக்கா. எந்த ஆபரேஷன் தேர்ந்தெடுத்தாலும் இது உண்டு, யாரும் பேக்கேஜ்ல எழுத மாட்டாங்க.

காப்பீடு. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துல குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரைக்கும் இருக்கு, ஆனா நம்ம கார்டு தமிழ்நாடு, பாதி ஆஸ்பத்திரி புதுச்சேரி. எல்லைல இருக்கற முள்ளோடை தாண்டினா ரூல் வேற. அட்மிஷன் போட்டப்புறம் கேக்காதீங்க, மொத நாளே அந்தந்த ஆஸ்பத்திரி காப்பீட்டு கவுண்டர்ல கேட்டு எழுதி வாங்கிக்கோங்க.

எங்க பண்றது

நம்ம அதிர்ஷ்டம், தவளக்குப்பம் அரவிந்த் கண் ஆஸ்பத்திரி 2003ல இருந்து கடலூர் ரோட்டுலயே இருக்கு, பாண்டி பஸ்ல ஏறினா வாசல்லயே எறங்கலாம். கோரிமேடு ஜிப்மருக்கு இன்னொரு பஸ் மாறணும், ஆனா வலிப்பும் இருக்கற புள்ளைக்கு நரம்பு டாக்டர், குழந்தை டாக்டர், கண் டாக்டர் எல்லாம் ஒரே வளாகம்ங்கிறது பெரிய விஷயம். சென்னைல எழும்பூர் கண் ஆஸ்பத்திரி 1819ல ஆரம்பிச்சது, சங்கர நேத்ராலயா 1978. ரெண்டாவது அபிப்பிராயத்துக்கு சென்னை போங்க, தப்பே இல்ல. ஆனா ஆபரேஷனுக்கு அப்புறம் முதல் ரெண்டு மாசத்துல ஏழெட்டு தடவ போவணும், கண்ணு செவந்தா ராத்திரியே போவணும், மழைல தென்பெண்ணைல வெள்ளம் வந்தா என்ன ஆவும்னு பெஞ்சல் புயல்ல பாத்தோம். அனுபவம் உள்ள டாக்டர், ஒரு மணி நேரத்துல போவற தூரம், ரெண்டும் ஒண்ணா கெடைச்சா விடாதீங்க.

எங்களுக்கு வீணானது ஆரம்பத்துல ரெண்டு மாசம். பாப்பா கண்ணுல தண்ணி வந்துகிட்டே இருந்துச்சு, வெளிச்சத்துக்கு மூஞ்சிய தோள்ல புதைச்சுக்குவா. ஒரு க்ளினிக்ல கண்ணீர்ப் பை அடைப்பு, மூக்கு ஓரத்துல மசாஜ் பண்ணுங்கன்னு அனுப்பிட்டாங்க, மூஞ்சில அவ்ளோ பெரிய செவப்பு இருக்கறத பாத்தும். தெருவுல எல்லாரும் கண்ணு எவ்ளோ பெருசு, மீனாட்சி மாதிரின்னு கொஞ்சுவாங்க, நாங்களும் திருஷ்டிப் பொட்டு வச்சோம். அப்புறம் ஒரு டாக்டரம்மா சின்ன காம்பஸ் மாதிரி ஒண்ண வச்சு கருவிழிய அளந்தாங்க. வலது 10 மில்லிமீட்டர், இடது 12.5. அந்த ரெண்டரை மில்லிமீட்டரத்தான் நாங்க கொஞ்சிகிட்டு இருந்தோம். மேல் இமைல செவப்பு இருந்தா கண்ணு நல்லா இருந்தாலும் பொறந்த வாரமே காட்டுங்க, இல்லன்னு சொன்னாலும் வருஷா வருஷம் காட்டுங்க, லேட்டாவும் வரும்.

நெல்லிக்குப்பம் தம்பிக்கு என்ன சொன்னேன்

பையனுக்கு 5 மாசம், கருவிழி லேசா மங்கல், பி ஸ்கேன்ல பின் படலம் தடிப்பு இல்ல, ஒரு கண்ணுதான், வீடு பக்கம். இந்த நிலைமைல மொதல் டாக்டர் சொன்ன ஆங்கிள் ஆபரேஷன், அதுலயும் டிரபெகுலாட்டமி, என் கணக்குக்கும் ஒத்து வருது. ஸ்கேன்ல தடிப்பு இருந்திருந்தா ஓட்டை போடறத பத்தி இன்னும் நெறய கேள்வி கேட்டிருப்பேன். கருவிழி முழுசா வெள்ளையாகி 13 மில்லிமீட்டர் ஆயிருந்தா ரெண்டையும் சேத்து பண்ணலாம்னு சொன்ன டாக்டர் பக்கம் நானும் சாஞ்சிருப்பேன். டியூப்ப அப்புறத்துக்கு வச்சுக்க. டாக்டர்கிட்ட இத கேளு: 360யும் தொறப்பீங்களா, மேல் பக்கத் தோல மிச்சம் வைப்பீங்களா, இந்த சின்ட்ரோம் கேஸ் நீங்களே பண்ணி இருக்கீங்களா, இது நின்னு போனா அடுத்தது என்ன. முகம் சுளிக்காம பதில் சொல்ற டாக்டர்னா அங்கயே பண்ணிக்க.

வர்ற செவ்வாய்க்கெழம அவனுக்கு தேதி. கண்ண தேய்க்காம இருக்க முழங்கைக்கு கட்டற மட்டை ஆஸ்பத்திரில குடுப்பாங்க, பெருசா இருக்கும், நழுவும். நான் பைண்டிங் அட்டைல வெட்டி, ஓரத்துல காலிகோ துணி ஒட்டி, உள்பக்கம் பழைய வேட்டித் துணி வச்சு தைச்சுத் தரேன்னு சொல்லி இருக்கேன். தோள்ல இருந்து மணிக்கட்டு வரைக்கும் எத்தன இன்ச்சுன்னு அளந்து அனுப்புடான்னா, இன்னும் அனுப்பல.